காங்கேசன்துறை வீதியும் துணை இயந்திரம் பூண்ட துவிச்சக்கரவண்டியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் காங்கேசன்துறை வீதி, கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்னும் ஊர்களை ஊடறுத்துச் சென்று ஏறக்குறைய 18 கிலோமீற்றர் தூரத்திற் கடலைச் சேர்கின்றது. வீதி முடியும் அத்துறைக்குக் கயாத்துறை என்னும் பழம்பெயர் இருந்ததென்றும், மாவிட்டபுரம் கோயிலுக்கென வந்த காங்கேயன் திருவுருவம் அங்கு இறக்கப்பட்டமையால் அது காங்கேசன்துறை ஆயிற்றென்றும் ஐதிகம் கூறும். முருகப்பெருமான் வந்த வழி என்ற பெருமை இவ்வீதிக்கு என்றும் உண்டு. ஆயினும் கடந்த நூறாண்டுகளாக இதனை நாள்தோறும் உயிர்ப்பித்தவர்கள் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வேலைத்தலத்தை அடைந்து, மாலையிற் களைத்து மீண்ட சாதாரண மக்களே. அவர்கள் எதில் ஏறிச் சென்றார்கள், ஏன் அதில் ஏறிச் சென்றார்கள் என்னும் வினா சிறிதாகத் தோன்றும். அதற்கு விடைதேடப் புகுந்தால், வடமாகாணத்தின் அண்மைக்காலச் சரித்திரத்திற் பெரும்பகுதி அவ்விடையினுள் அடங்கியிருத்தல் காணலாம்.

குடாநாட்டின் நிலம் சுண்ணக்கற் பாறைமேற் பரந்த சமதரை. மலை இல்லை, ஏற்றம் இறக்கம் எனச் சொல்லத்தக்கனவும் இல்லை. துவிச்சக்கரவண்டிக்கு இதனினும் பொருத்தமான நிலம் கிடைத்தல் அரிது. ஆனால் பிறநாடுகளில் மலை செய்யும் வேலையை இந்நாட்டிற் காற்றுச் செய்கின்றது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையும் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். தெற்கேயுள்ள ஊர்களிலிருந்து காங்கேசன்துறைக்கு வேலைக்குச் செல்பவனைச் சோளகம் காலையிற் பின்னின்று தள்ளிவிடும். மாலையில் அதே காற்று அவன் மார்பிலே மோதும். உடல் புதிதாயிருக்கும் வேளையில் உதவியும், தளர்ந்த வேளையில் எதிர்ப்புமாக அமைந்த இவ்வேற்பாடு, வேலைக்குச் செல்வோனை வருத்துதற்கென்றே வகுக்கப்பட்டதோ என எண்ணத் தோன்றும்.

இஃது உணர்ச்சி மாத்திரையான முறைப்பாடன்று. காற்றின் தடை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும் என்பது பௌதிகவியல். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனை அதே வேகமுள்ள காற்று நேரெதிரே சந்திக்குமாயின், காற்றுத்தடை இருமடங்காகாது, நான்கு மடங்காகும். அமைதியான நாளில் ஏறக்குறைய 50 உவாற்று வலுவுடன் ஓட்டக்கூடிய வண்டிக்கு அப்பொழுது ஏறக்குறைய 120 உவாற்று வேண்டும். சாதாரண மனிதன் நெடுநேரம் இடையறாது தரக்கூடிய வலுவோ பரிவலுவிற் பத்திலொரு பங்கு, அஃதாவது ஏறக்குறைய 75 உவாற்றே. அமைதிநாளின் தேவைக்கும் சோளகநாளின் தேவைக்கும் நடுவிலேதான் மனிதனுடைய வலுவின் எல்லை கிடக்கின்றது. மிகச் சிறியதொரு துணை கிடைப்பினும் அவ்வெல்லையைக் கடந்துவிடலாம் என்பதை இக்கணக்கே காட்டும்.

காங்கேசன்துறைக்குப் புகையிரதம் 1902 ஆம் ஆண்டில் வந்தது. 1905 இல் வடபகுதிப் பாதை முழுமையுற்றுக் குடாநாடு தென்னிலங்கையோடு இணைந்தது. 1956 இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவியின் புகழை ஈண்டு விரித்தல் வேண்டா. புகையிரதம் பெரும்பயணங்களுக்கு உரிய வாகனம். அதற்கு நேரசூசி உண்டு, தரிப்பிடம் உண்டு. தரிப்பிடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே வீடு இருப்பவனுக்கும், நள்ளிரவில் வேலை முடிந்து வெளியேறுபவனுக்கும் அது பயன்படாது. அக்குறையை நிரப்பியது துவிச்சக்கரவண்டி. இங்கிலாந்திலிருந்து வந்த றலி, ஹம்பர் முதலிய வண்டிகள் குடாநாட்டில் வீட்டுச் சொத்துப்போற் பேணப்பட்டன. தந்தை ஓட்டிய வண்டியை எண்ணெயிட்டுத் துடைத்து மகன் ஓட்டுதல் இங்குப் புதுமையன்று. பாடசாலை ஆசிரியர், கந்தோர் எழுதுவினைஞர், சந்தை வியாபாரி, கமக்காரன் ஆகிய யாவருக்கும் பொதுவான வாகனம் அஃதொன்றே என்னலாம்.

இந்நிலையில் 1950 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலம் அது. குடாநாட்டைத் தாங்கிநிற்கும் சுண்ணக்கல்லே அதன் மூலப்பொருள். களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. உத்தியோகத்தையும் தோட்டத்தையுமே நம்பியிருந்த ஒரு சமுதாயத்திற்கு இஃதொரு புதுவகை வேலையைக் கொணர்ந்தது. சீமெந்துச் சூளையின் இயல்பு ஈண்டுக் கவனித்தற்குரியது. சுழலும் பெருங்குழாய்போன்ற அச்சூளையின் வெப்பம் 1400 பாகைக்கு மேற்பட்டது. அதனை மாலையில் அணைத்துக் காலையில் மூட்டுதல் இயலாது. இரவும் பகலும் எரிந்துகொண்டேயிருத்தல் வேண்டும். சூளை உறங்காதாகவே தொழிலாளரும் முறைவைத்து வேலை செய்தல் வேண்டிற்று. சூரியன் உதிக்கப் புறப்பட்டு அது மறைய மீளும் தோட்டவேலைக்காரன் அறியாத ஒழுங்கு இது. எவ்வேளையிலும் தன் விருப்பப்படி புறப்படக்கூடிய ஒரு வாகனம் இல்லாத தொழிலாளி அங்கு நெடுங்காலம் நிலைத்தல் கடினம். ஆகவே தொழிற்சாலையும் துவிச்சக்கரவண்டியும் இணைபிரியாதனவாயின.

எதிர்க்காற்றில் மிதித்துச் சலித்தவர்கள் யாழ்ப்பாணத்தார் மாத்திரம் அல்லர். துவிச்சக்கரவண்டியில் ஒரு சிறிய இயந்திரத்தைப் பூட்டி, அதன் உதவியுடன் வேலைக்குச் செல்லலாம் என்ற எண்ணம் துவிச்சக்கரவண்டியளவு பழமையானது என்னலாம். 1897 இற் பாரிசு நகரத்து வேர்னர் சகோதரர் முன்சில்லின் மேலே இயந்திரத்தை ஏற்றி, தோற்பட்டியாற் சில்லைச் சுழற்றும் வண்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பாரம் உயரத்தில் இருந்தமையால் ஈரத்தெருவில் வண்டி சறுக்கும்; சாய்ந்து விழுந்தால் எரிகுழாயினாற் தீப்பற்றுதலும் உண்டு. 1901 இல் அவர்கள் இயந்திரத்தைச் சட்டத்தின் அடிப்பகுதிக்கு இறக்கினர். அந்த இடமாற்றத்தோடு வண்டி வேறு இனமாயிற்று. அதிலிருந்து மோட்டார்ச் சைக்கிள் வளர்ந்தது. வளரவளரப் பாரமும் விலையும் ஏறின. வேலைக்காரன் கைக்கு அது எட்டாமற் போயிற்று.

பின்னர் ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குத் துணை இயந்திரம் பெரிதாகப் பேசப்படவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வண்டியின் பக்கத்தே மூன்றாஞ் சில்லாகப் பூட்டும் இயந்திரச் சில்லுகள் சிலகாலம் விற்பனையாகி மறைந்தன. அதன் உண்மையான காலம் இரண்டாம் உலகயுத்தத்தின் சாம்பலிலிருந்தே பிறந்தது. இது சிந்திக்கத்தக்கது. செல்வம் பெருகிய காலங்களில் மறக்கப்பட்ட இக்கருவி, பாலங்கள் தகர்ந்து, தண்டவாளங்கள் பெயர்ந்து, பெற்றோல் அளவிட்டுக் கொடுக்கப்பட்ட காலத்திலே நாடுதோறும் ஏககாலத்தில் முளைத்தது. மோட்டார் வாகனங்களின் சரித்திரம் எழுதுவோர் இவ்வத்தியாயத்தை விளையாட்டுப் பொருள்களின் கதைபோல இரண்டு வரியில் முடித்துவிடுதல் வழக்கம். அது நேரிதன்று. பற்றாக்குறை பெற்ற பிள்ளைகளுள் இதைப்போற் பயன்பட்டது பிறிதில்லை.

இத்தாலியில் டுக்காட்டி நிறுவனம் யுத்தத்துக்கு முன்னர் வானொலி உறுப்புக்கள் செய்தது. குண்டுவீச்சினால் அதன் ஆலை அழிந்தது. 1946 இல் அந்நிறுவனம் 48 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள சிறு இயந்திரமொன்றைச் செய்து விற்கத் தொடங்கியது. வாங்குவோன் தன்னிடமுள்ள பழைய வண்டியிலே அதனைப் பூட்டிக்கொள்வான். அதன் பெயர் 'குச்சியோலோ'. நாய்க்குட்டி என்பது பொருள். அதன் சிறு குரைப்பொலி கருதி இட்ட பெயர் என்பர். பிரான்சிலே காபரேற்றர் செய்த சொலெக்ஸ் நிறுவனத்தார் அதே ஆண்டில் முன்சில்லின்மேல் இயந்திரத்தை வைத்து, ஓர் உருளை றப்பர்ச் சில்லோடு உராய்ந்து அதனைச் சுழற்றுமாறு அமைத்தனர். நெம்புகோலொன்றைப் பின்னே இழுத்தால் இயந்திரம் சில்லைவிட்டு எழும். வண்டி மறுபடியும் வெறுந் துவிச்சக்கரவண்டியாகிவிடும். மழைநாளில் உருளை வழுக்கும் என்ற குற்றம் இருந்தும் இவ்வண்டி 70 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பிரான்சில் அதன் உற்பத்தி 1988 இலேதான் நின்றது.

இங்கிலாந்தில் இசைத்தட்டுக்களுக்குப் பேர்போன ஈ. எம். ஐ. நிறுவனம் 1950 இல் 'சைக்கிள்மாஸ்டர்' என்பதனைச் செய்தது. காங்கேசன்துறையிற் சூளை மூண்ட அதே ஆண்டு. பின்சில்லைக் கழற்றி, இயந்திரம் உள்ளே அடங்கிய மற்றொரு சில்லைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. 25.7 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அவ்வியந்திரம் ஏறக்குறைய 0.6 பரிவலு தந்தது. மனிதன் தரும் வலுவோடு ஒப்பிட்டால் இஃது ஆறு மடங்கு. மிதித்து வேகங்கொண்டு, பிடியை விடுவித்தவுடன் இயந்திரம் தொடங்கும். 25 பவுண் விலையுள்ள இந்தச் சில்லைப் பூட்டிக்கொண்டு ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்றோர் பலர்.

எனினும் இச்சரித்திரத்தில் மிக ஆழ்ந்து நோக்கத்தக்கது யப்பானில் நிகழ்ந்தது. 1946 இல் ஹமமற்சு நகரத்திலே கொல்லன் ஒருவரின் மகனாகிய சொய்ச்சிரோ ஹொண்டா, படையினர் விட்டுச்சென்ற சிறிய இயந்திரங்கள் ஏறக்குறைய 500 ஐப் பெற்றார். களத்திலே வானொலித் தொடர்புக் கருவிகளுக்கு மின்சாரம் பிறப்பித்தற்கென அமைந்தவை அவை. யுத்தம் முடிந்துவிட்டது, வானொலிக் கருவிக்குத் தேவையில்லை, ஆனால் உணவு தேடி மைற்கணக்கில் மிதிக்கும் மக்களுக்குத் தேவையிருந்தது. ஹொண்டா அவ்வியந்திரங்களைத் துவிச்சக்கரவண்டிகளிற் பூட்டினார். எரிபொருட்டாங்கி கிடையாமையாற் குளிர்காலத்தில் வெந்நீர் நிரப்பிப் படுக்கையில் வைக்கும் போத்தலையே முதலில் தாங்கியாகப் பயன்படுத்தினார். பெற்றோல் போதாமையாற் பைன் மரத்தினின்று வடித்த எண்ணெயைக் கலந்து ஓட்டியமையும் கூறப்படுகிறது. 500 இயந்திரங்களும் தீர்ந்தபின் 1947 இல் அவர் தம் சொந்த இயந்திரத்தைச் செய்தார். 1952 இல் வந்த அவரது 'கப்' இயந்திரம் துவிச்சக்கரவண்டிக் கடைகள் வழியாகவே நாடெங்கும் விற்கப்பட்டது. அதே நகரத்தில் நெசவுத்தறி செய்துவந்த சுசுக்கி நிறுவனமும் 1952 இல் 36 கன சென்ரிமீற்றர் துணை இயந்திரமொன்றை வெளியிட்டது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஷுன்சோ சுசுக்கி மீன்பிடிக்கச் செல்லும் வழியில் எதிர்க்காற்றிலே மிதித்து வருந்தியபொழுது இவ்வெண்ணம் அவருக்கு உதித்ததென்பர். யப்பானிலும் ஒரு சோளகம் வீசியிருக்கிறது.

1952 இற் சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் மோட்டார், பெடல் என்னும் இருசொற்களின் தலைகளைச் சேர்த்து 'மொபெட்' என்று பெயரிட்டார். பெயர் கிடைத்த காலத்திலேயே பொருள் மாறத் தொடங்கிற்று. பழைய வண்டியில் இயந்திரம் பூட்டும் வழக்கம் குன்றி, இயந்திரத்தோடு சேர்த்தே செய்யப்பட்ட வண்டிகள் வந்தன. 1958 இல் ஹொண்டாவின் சூப்பர் கப் வந்தபொழுது மிதிகளும் நீங்கின. 2017 இல் அவ்வினத்தின் உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. ஐரோப்பாவிற் கைக்குப் பணம் வந்தவுடன் தொழிலாளர் சிறு மோட்டார்க் கார்களுக்குத் தாவினர். அவர்களுடைய நாய்க்குட்டிகளும் நுளம்புகளும் (கறெல்லி நிறுவனத்தாரின் 38 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துக்கு நுளம்பு என்றே பெயர்) வீட்டுக் கொட்டில்களிற் துருவேறின.

பாக்குநீரிணைக்கு அப்பால் இவ்வினம் நீண்டநாள் வாழ்ந்தது. 1972 இற் பூனாவிலிருந்து லூனாவும், 1980 இல் ஓசூரிலிருந்து டீ. வீ. எஸ். 50 உம் வெளிவந்தன. இருவர் அமரக்கூடிய பின்னைய வண்டி, பால்காரர், பூக்காரர், நெசவாளர் முதலியோரின் வேலைவாகனமாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிலைபெற்றது. இலங்கையிலோ 1970 தொடக்கம் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அத்தகைய வண்டிகள் பெருகுதற்கு இடந்தரவில்லை. அக்கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் விலையேறிக் குடாநாட்டுக் கமக்காரர் கையிற் பணம் புரண்டமை மறுபுறம். 1977 இன் பின் சந்தை திறந்தபொழுது அப்பணம் யப்பானிய மோட்டார்ச் சைக்கிள்களாக வீதியில் இறங்கியது. ஹொண்டா சாலி என்னும் சிறு வண்டி பெண்களுக்கும் முதியோருக்கும் உகந்ததாகிக் குடாநாட்டு வீதிகளின் ஓர் அடையாளமாயிற்று. துணை இயந்திரத்தைத் தாண்டி நேரே முழு இயந்திரத்திற்கு யாழ்ப்பாணம் சென்றுவிட்டதுபோலத் தோன்றியது. அத்தோற்றம் நெடுநாள் நிலைக்கவில்லை.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. அம்மாதத்திலேயே காங்கேசன்துறையினின்றும் புறப்படும் புகையிரதம் நின்றது. நாற்பது ஆண்டுகள் எரிந்த சீமெந்துச் சூளையும் நின்றது. அதன்பின் அஃது எரியவில்லை. வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகமும் தொழிற்சாலையும் பலாலி விமானத்தளமும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் படையினரின் உயர்பாதுகாப்பு வலயமாயின. 18 கிலோமீற்றர் வீதியின் வடதலை துண்டிக்கப்பட்டது. அதுவரை ஓட்டுவோனின் வலுவும் காற்றின் வலுவுமே வேலைப்பயணத்தைத் தீர்மானித்தன. இனி எவ்வளவு வலுவிருந்தும் அவ்வழியே செல்லுதற்கு இடமில்லாதாயிற்று.

அதனுடன் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், உரம் எனத் தடுக்கப்பட்ட பொருள்களின் வரிசை நீண்டது. அவ்வரிசையிற் சீமெந்தும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. நாட்டின் வீடுகளுக்குச் சீமெந்து செய்து அனுப்பிய குடாநாட்டிலே ஒரு கிணற்றுக்கட்டைப் பூசச் சீமெந்து கிடையாதாயிற்று. மின்சாரமும் அற்றது.

பெற்றோல் இல்லாத காலத்து மோட்டார் வாகனங்களை ஓட்டிய முறையை இங்கு விரிவாகக் கூறுதல் தகும். ஏனெனில், அதனை நினைவில் வைத்திருப்போர் நாளுக்குநாள் அருகி வருகின்றனர். அடுப்புக்கும் விளக்குக்குமெனக் கிடைத்த சிறிதளவு மண்ணெண்ணெயே எரிபொருளாயிற்று. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது துளிகளாகவே நின்றுவிடும், பற்றாது. இயந்திரம் சூடேறியபின் ஆவியாகும், அப்பொழுது ஓடும். ஆதலின் தொடங்குவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோல் வேண்டும். சிறிய பிளாத்திக்குப் போத்தலொன்றிற் பெற்றோலை வைத்து, மெல்லிய குழாய் வழியாகக் காபரேற்றருக்குள் பீச்சி, இயந்திரம் துடித்தெழுந்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மறுவாழ்வு பெற்றமைக்குக் காரணமும் இதுவே. அவற்றின் அமுக்கவிகிதம் தாழ்ந்தது. தாழ்ந்த எரிபொருளைப் பொறுத்துக்கொள்ளும். புதிய யப்பானிய இயந்திரங்களோ இடித்து முழங்கும். பிளக்குகளிற் கரி படியும். வீதியெங்கும் வெண்புகையும் நெடியும் பரவும்.

இந்நுட்பம் திடீரென்று உதித்ததன்று. துலா மிதித்து நீரிறைத்த தோட்டங்களுக்கு 1950களின் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றுட் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுமாறு அமைந்தவை. எப்பொழுது மாற்றவேண்டும், எவ்வளவு சூடு போதும், கரியை எவ்வாறு சுரண்டவேண்டும் என்பனவெல்லாம் தோட்டக்காரனுக்குக் கைவந்த வித்தை. வெங்காயப் பாத்தியிற் பயின்ற அறிவே முப்பதாண்டுகளின் பின் வீதியிற் பயன்பட்டதெனக் கொள்ளுதல் தவறாகாது.

ஆயினும் மண்ணெண்ணெயும் விலையேறிய பொருளே. ஆசிரியரும் வைத்தியரும் வியாபாரியும் மீண்டும் துவிச்சக்கரவண்டியையே சரணடைந்தனர். விறகு, நெல்மூட்டை, நோயாளி, மணமகள் எனச் சுமக்கப்படாதது ஒன்றில்லை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் கிளாலிக் கடனீரேரியைத் தோணியிற் கடந்து, தோணியிலே வண்டியையும் ஏற்றி, மறுகரையிலிருந்து வவுனியாத் திசை நோக்கி மிதித்துச் சென்று பொருள் கொணர்ந்தோர் பலர். இரவிலே கடக்கும் அத்தோணிகளுட் சில தாக்கப்பட்டு உயிர்கள் மாண்டன. வேலைக்குச் செல்லும் பயணம் என்னும் சொல் அக்காலத்தில் எவ்வளவு பாரமுடையதாயிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்திலே யப்பானில் நிகழ்ந்ததைத் திரும்ப நினைத்தல் வேண்டும். மின்கலம் தடைப்பட்ட யாழ்ப்பாணத்திற் செய்தி கேட்க விரும்பியோர் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தனர். ஒருவர் சுழற்ற, சுற்றத்தார் சூழ்ந்திருந்து பீ. பீ. சீ. தமிழோசையைக் கேட்பர். சுழற்றும் கை தளர்ந்தால் குரல் தாழும். ஹமமற்சுவில் வானொலிக்கென அமைந்த இயந்திரம் துவிச்சக்கரவண்டிக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டி வானொலிக்கு இயந்திரமாயிற்று. அங்கே யுத்தம் முடிந்திருந்தது, இங்கே முடியவில்லை. இயந்திரத்தின் துணை மனிதனுக்கு வேண்டும் என்றிருந்த முறை மாறி, மனிதனே துணை இயந்திரமாகி நின்ற காட்சி உலக வாகனச் சரித்திரத்தில் வேறெங்கும் எழுதப்பட்டிருத்தல் அரிது. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி வெளியேறியபொழுதும், முதியோரையும் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்து நெரிசலில் தள்ளப்பட்டுச் சென்றவை இவ்வண்டிகளே.

2009 இல் யுத்தம் முடிந்தது. வலிகாமம் வடக்கின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படாதன இன்றும் உள்ளன. 2015 சனவரி 2 ஆந் திகதி காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டது. 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் மீனவரிடம் கையளிக்கப்பட்டது. 2023 ஐப்பசியில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத்தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்து திரும்பியோர் கண்டவை கூரையிழந்த சுவர்களும், வேலி தெரியாது வளர்ந்த பற்றைகளும் ஆகும். தொழிற்சாலையில் முறைவேலை பார்த்த தலைமுறை முதுமையெய்திவிட்டது. அதன் மக்கட்குக் காங்கேசன்துறை வீதி வேலைக்குச் செல்லும் வழியாக இருந்ததென்பது கேள்விச்செய்தி மாத்திரமே.

வீதி திறந்தபின் மோட்டார்ச் சைக்கிள் மறுபடியும் நிறைந்தது. தவணைமுறையிற் கிடைத்த இந்திய வண்டிகள் வீட்டுக்கு வீடு நின்றன; துவிச்சக்கரவண்டி பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரியதாய்ச் சுருங்கிற்று. அவ்வேளையில் 2022 ஆம் ஆண்டு வந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்தது; எரிபொருள் நிலையங்களில் மைற்கணக்கில் வரிசை நின்றது. யூன் 26 ஆந் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு விற்பனை நிறுத்தப்பட்டது. யூலையிற் பங்கீட்டுமுறை தொடங்கியபொழுது மோட்டார்ச் சைக்கிளொன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் வகுக்கப்பட்டது. கொழும்பு மக்கள் திகைத்தனர். குடாநாட்டில் நாற்பது வயது கடந்தவர்களோ கோடியிற் கிடந்த வண்டியை எடுத்துச் சங்கிலிக்கு எண்ணெயிட்டனர். அவர்களுக்கு அது பழகிய பாடம். புதிய வண்டிகளின் விலை மும்மடங்கு வரை ஏறியது. பழைய வண்டிகளைத் திருத்துவோர் ஓய்வின்றி உழைத்தனர்.

அதே பற்றாக்குறையோடு துணை இயந்திரமும் வேறொரு வடிவிலே தலைகாட்டியது. இப்பொழுது அது மின்சாரத்தினால் இயங்குவது. பின்சில்லின் நடுவிலே அடங்கிய மோட்டாரும், சட்டத்திற் பொருத்திய மின்கலமுமே அதன் உறுப்புக்கள். 1950 இற் சைக்கிள்மாஸ்டர் இருந்த அதே இடத்தில், அதனைப் போலவே சில்லை மாற்றிப் பூட்டப்படுகிறது. புகையில்லை, பீச்சுகுழாயில்லை, இரவில் வீட்டு மின்சாரத்திற் செறிவூட்டினாற் போதும். இந்தியச் சட்டம் 250 உவாற்றுக்கு மேற்படாத வலுவும் மணிக்கு 25 கிலோமீற்றர் எல்லையும் உள்ள இத்தகைய வண்டியை மோட்டார் வாகனமெனக் கொள்வதில்லை. அனுமதிப்பத்திரம் வேண்டாத அச்சிறு வலுவே காங்கேசன்துறை வீதிக்குத் தாராளம். மாலையில் மாவிட்டபுரத்திலிருந்து தெற்கு நோக்கி மிதிப்பவனிடம் சோளகம் மேலதிகமாகக் கேட்பது ஏறக்குறைய 70 உவாற்றே.